‘நார்க்கோட்டிக்’ என்னும் சொல்: பிறப்பும் பொருள்மாற்றமும் தமிழாக்கமும்

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘நார்க்கோட்டிக்’ என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் இன்று நிலைபெற்றுவிட்ட நிகரன் ‘போதைப்பொருள்’ அல்லது ‘போதை மருந்து’ என்பதாகும். நாளிதழ்ச் செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு, விழிப்புணர்வுப் பதாகை ஆகிய எல்லாவற்றிலும் இதுவே காணப்படுகிறது. இதனால் பெரிய இடர் எதுவும் இல்லை என்றே தோன்றும். ஆனால் புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் கொடுக்கப்படும் மருத்துவமனை அறையிலும் இதே சொல்தான் ஒலிக்கிறது. ‘இது போதை மருந்து வகையைச் சேர்ந்தது’ எனக் கேட்கும் குடும்பத்தார் மனத்தில் முதலில் எழுவது வலி தணியும் என்னும் ஆறுதல் அன்று. அடிமையாகிவிடுவாரோ, சட்டச் சிக்கல் வருமோ என்னும் அச்சமே. அவ்வச்சத்தில் ஒரு பகுதி மருந்தினால் வருவது. மற்றொரு பகுதி சொல்லினால் வருவது. பின்னதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றில் மூன்று பொருளடுக்குகள் உள்ளன. உடல் மரத்துப்போதல் என்பது முதலாவது. உறக்கமும் வலித்தணிவும் தரும் மருந்து என்பது இரண்டாவது. சட்டம் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வைத்துள்ள பொருள் என்பது மூன்றாவது. தமிழ் நிகரன் இம்மூன்றனுள் இறுதியானதை மட்டுமே ஏற்றுக்கொண்டுள்ளது என்பதும், அந்த ஒன்றையே எல்லா இடத்தும் வழங்குவது பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மீனின் பெயரும் மரப்பின் பெயரும்

‘நார்க்கோட்டிக்’ என்பதன் மூலம் ‘நார்கே’ என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல். இதற்கு மரப்பு, உணர்வற்ற விறைப்பு என்பன பொருள். இதிலிருந்து ‘மரக்கச் செய்’ என்னும் வினையும், அவ்வினையிலிருந்து ‘மரக்கச் செய்யும் தன்மையது’ எனப் பொருள்படும் ‘நார்கோட்டிகோஸ்’ என்னும் பெயரடையும் தோன்றின. ‘நார்கே’ என்பதற்கும் முந்திய வேரை முறுக்குதல், கட்டுதல் எனப் பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேரொன்றோடு இணைப்பாரும் உளர். அவ்விணைப்பு எல்லாராலும் ஏற்கப்பட்டதன்று.

கிரேக்கர் இதே சொல்லை ஒரு மீனுக்கும் பெயராக இட்டனர். அது தொட்டவர் கையை மரக்கச் செய்யும் மின்திருக்கை. அம்மீன் மணலில் மறைந்திருந்து, தன்னை நெருங்கும் சிறுமீன்களை மரக்கச் செய்து உண்பதை அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் பதிவு செய்துள்ளார். பிளேட்டோவின் ‘மேனோன்’ உரையாடலில் சாக்ரட்டீசோடு வாதிட்டுச் சோர்ந்த மேனோன், அவரை இம்மீனுக்கு ஒப்பிடுகிறான். அறத்தைப் பற்றிப் பலமுறை பலர் முன் பேசியவன், இப்போது தன் உள்ளமும் நாவும் மரத்துவிட்டதாக முறையிடுகிறான். உடலுணர்வைக் குறித்த சொல் அறிவின் திகைப்பைக் குறிக்க இங்கே உவமையாகிறது. பொருள் விரிவுக்கு இது பழமையான சான்று.

பெயரும் பொருளும் இங்ஙனம் இணைந்திருப்பது கிரேக்கத்துக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் மரத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து ‘டார்ப்பீடோ’ என்னும் பெயர் இதே மீனுக்கு அமைந்தது. (கடற்போரில் வெடிகலத்துக்கு இப்பெயர் சென்றது மீனிடமிருந்தே.) ஆங்கிலத்திலும் ‘மரப்பு மீன்’ எனப் பொருள்படும் பெயர் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டு உரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் உயிருள்ள கரிய மின்திருக்கையை வலியுள்ள இடத்தில் வைக்கலாம் என எழுதினார். கீல்வாதக்காரர் ஈரக் கடற்கரையில் அதன்மேல் கால் வைத்து, முழங்கால் வரை மரக்கும்மட்டும் நிற்கவேண்டும். மருந்து, மீன், மரப்பு ஆகிய மூன்றும் ஒரே கருத்தில் கூடியிருந்த காலம் அது. அம்மரப்புக்குக் காரணம் மின்னாற்றல் என்பது 1772இல் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரொஷேல் துறையில் செய்த ஆய்வுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. அதற்கு முன் அதனைக் குளிர்ச்சியின் விளைவாகவே மருத்துவர் கருதினர். அபினியும் அவர்கள் கணக்கில் மிகக் குளிர்ந்த மருந்தே. குளிரில் உடல் மரக்கிறது; ஆதலால் மரக்கச் செய்வது குளிர்ந்தது என்பது அவர்களுடைய வாதம்.

‘நார்சிசஸ்’ என்னும் மலர்ப்பெயரையும் இவ்வேரோடு இணைத்தவர் பிளினி. புராண இளைஞனால் அன்று, மலரின் மணம் தரும் மந்தத்தாலேயே அப்பெயர் வந்தது என்பது அவர் கூற்று. அச்சொல்லின் ஈறு கிரேக்கத்துக்கு முந்திய மொழியொன்றைச் சுட்டுவதால், இதனை ஒலி ஒப்புமையால் எழுந்த சொல்விளக்கமாகவே இன்றைய அறிஞர் கொள்வர்.

திமிர், திம்மிரி, தரங்கம்பாடி

இவ்விடத்தில் தமிழ்க் கரையையும் நோக்க வேண்டும். தமிழில் ‘திமிர்’ என்றால் இன்று செருக்கு என்பதே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் மரப்பு, விறைப்பு என்பனவும் அதன் பொருள்களே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அப்பொருளைத் தருகிறது. ‘திமிர்வாதம்’ என்னும் நோய்ப்பெயரும் அதனைக் காத்து நிற்கிறது. விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் வரும் ‘திமிர்வாதக்காரன்’ செருக்குற்றவன் அல்லன், உடல் செயலிழந்தவன். தெலுங்கில் ‘திம்மிரி’ என்பது இன்றும் கைகால் மரப்பையே குறிக்கும். இருள் எனப் பொருள்படும் ‘திமிரம்’ வேறு சொல். அதனோடு இதனை மயக்கலாகாது.

பேட்ரிக் ரசல் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803இல் வெளியிட்ட நூலில், மின்திருக்கைகளுக்கு அக்கரையில் வழங்கிய பெயராகத் ‘தெமெரி’ என்பதைப் பதிவு செய்துள்ளார். அது தெலுங்குத் ‘திம்மிரி’யே என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1801இல், பிளாக் தொடங்கி ஷ்னைடர் முடித்த மீனியல் நூலில் தரங்கம்பாடியிலிருந்து பெறப்பட்ட மின்திருக்கை ஒன்றுக்குத் ‘திம்லெய்’ என்னும் சிறப்புப்பெயர் இடப்பட்டது. தரங்கம்பாடியில் மறைப்பணி செய்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பார் அக்கரை மீன்களைப் பெர்லினிலிருந்த பிளாக்குக்கு அனுப்பி வந்தவர். ‘திம்லெய்’ கிரேக்கமும் அன்று, இலத்தீனும் அன்று. கரையில் வழங்கிய பெயரைக் கேட்டெழுதிய வடிவமாகவே அது கொள்ளப்படுகிறது. ரகர லகர மாற்றத்தையும், ஐரோப்பியர் செவியையும் கருதினால், இதனையும் ‘திமிர்’ என்னும் அடியோடு இணைத்துக் காண்பது தகும் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. பின்னர் 1834இல் ஹென்லே வகுத்த ‘நார்சின்’ என்னும் பேரினத்துள் அம்மீன் சேர்க்கப்பட்டது. ஆகவே அதன் முழு அறிவியற்பெயரான ‘நார்சின் திம்லெய்’ என்பதில் முன்சொல் கிரேக்கரின் மரப்பு. மேற்கூறிய துணிபு சரியாயின், பின்சொல் சோழமண்டலக் கரையின் மரப்பு. ஒன்றையொன்று அறியாத இரு மீனவர் மரபுகள் ஒரே உணர்வைக் கொண்டு ஒரே மீனுக்குப் பெயரிட்டமை, ‘நார்கே’ என்பதன் முதற்பொருளைத் தமிழ் தன் சொல்லாலேயே சொல்லவல்லது என்பதற்குப் போதிய சான்றாகும்.

மருத்துவச் சொல்லான வரலாறு

கிரேக்க மருத்துவத்திலிருந்து இடைக்கால இலத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் இச்சொல் ஆங்கிலத்துள் புகுந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இதனைக் கையாண்டுள்ளார். ‘வீரன் கதை’யில் சிறைப்பட்ட பாலமன், காவலனுக்கு இவ்வகை மருந்தும் தீப்ஸ் நகரத்து அபினியும் கலந்த மதுவைக் கொடுத்து உறங்கவைத்துத் தப்பிச்செல்கிறான். இங்கே மரப்புப் பொருள் பின்னடைந்து உறக்கப் பொருள் முன்வந்துவிட்டது காணலாம். (அபினியும் கிரேக்கச் சொல்லே. சாறு எனப் பொருள்படும் அடியிலிருந்து பிறந்து, அரபியில் ‘அஃப்யூன்’ ஆகி, இந்திய மொழிகளுள் வந்தது. ‘பாம்பின் நுரை’ எனப் பொருள்படும் ‘அகிபேனம்’ என்னும் வடசொல் அவ்வரபுச் சொல்லுக்கு இட்ட வடமொழிச் சட்டை.)

19ஆம் நூற்றாண்டில் வேதியியல் இச்சொல்லின்மேல் மேலும் சுமையேற்றியது. 1817இல் ரோபிக்கே அபினியிலிருந்து பிரித்தறிந்த காரப்பொருளுக்கு ‘நார்க்கோட்டின்’ எனப் பெயர் வழங்கிற்று. அப்பொருள் மரக்கவும் செய்யாது, உறங்கவும் வைக்காது, இருமலைத் தணிக்கும். பெயர் பொருந்தாமையால் பின்னர் அது ‘நோஸ்கப்பின்’ ஆயிற்று. பெயர்க்காரணம் பொய்த்ததனால் பெயரையே மாற்றிய மருத்துவ உலகம், சட்டச் சொல்லாக நின்ற ‘நார்க்கோட்டிக்’கை மாற்ற இயலாமற்போனதை அடுத்துக் காண்போம்.

1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் ஆவி கொடுத்து அறுவை நிகழ்வித்தார். அந்நிலைக்குப் பெயர் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்கு எழுதிய மடலில் ‘அனஸ்தீசியா’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தார். ‘உணர்வின்மை’ எனப் பொருள்படும் பழைய கிரேக்கச் சொல் அது. உடனே அது வென்றுவிடவில்லை. ஆவி மயக்க மருத்துவத்தின் முன்னோடியான ஜான் ஸ்நோ 1848 முதல் வெளியிட்ட கட்டுரைத் தொடருக்கு ‘நார்க்கோட்டிசம்’ என்பதையே தலைப்பில் வைத்தார். குளோரோஃபார்மும் ஈதரும் அன்று அச்சொல்லின் எல்லைக்குள்தான் இருந்தன. நாளடைவில் அறுவை அறை முழுவதையும் ‘அனஸ்தீசியா’ எடுத்துக்கொள்ள, ‘நார்க்கோட்டிக்’ அபினி வகையோடு தனித்து நின்றது. மரப்பைக் குறிக்கப் பிறந்த சொல், மரக்கச் செய்யும் மருந்துகளை இழந்தது இவ்வாறே.

எஞ்சிய அபினி வகையோ உண்மையில் உடலை மரக்கச் செய்வதன்று. மார்ஃபின் பெற்ற நோயாளி தொடுகையை உணர்வார். சூட்டையும் குளிரையும் அறிவார். வலி இருக்கிறது, ஆனால் அது தம்மை வருத்தவில்லை எனச் சொல்வாரும் உண்டு. மரத்த காலில் வலியும் தொடுவுணர்வும் ஒருசேர இல்லை. மார்ஃபின் தருவது அந்நிலை அன்று.

சட்டம் தந்த பொருள்

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். ‘நார்க்கோட்டிக்’ தெளிவான காரணப்பெயராகப் பிறந்து, 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இடுகுறியாகிவிட்ட சொல். இம்மாற்றத்தைச் செய்தது மக்கள் வழக்கு அன்று; சட்டம்.

1912ஆம் ஆண்டின் ஹேக் அபினி உடன்படிக்கை அபினி, மார்ஃபின் ஆகியவற்றோடு கொக்கெய்னையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1914இல் அமெரிக்கா இயற்றிய ஹாரிசன் நார்க்கோட்டிக் வரிச்சட்டம் அபினியையும் கோகா இலையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. கொக்கெய்ன் மூளையைத் தூண்டுவது, உறக்கத்தை விரட்டுவது. மருந்தியல் நோக்கில் அது அபினிக்கு நேர் எதிர். இருந்தும் வழக்கில் அதற்கும் ‘நார்க்கோட்டிக்’ என்றே பெயராயிற்று. இதில் நகைமுரண் ஒன்று உண்டு. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கொக்கெய்ன் கரைசலை இட்டு, நோயாளி விழித்திருக்கவே கண் அறுவைக்கு வழிகோலினார். உடலின் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருத்துவத்தின் தொடக்கம் அதுவே. ஆகச் சட்டப் பட்டியலில் பிழையாக நுழைந்ததாகத் தோன்றும் கொக்கெய்னே, சொல்லின் கிரேக்க மூலப்பொருளுக்கு மிக நெருக்கமானது. சட்டம் அதனைச் சேர்த்தது அக்காரணத்தால் அன்று என்பதுதான் வேறுபாடு.

1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் தனி உடன்படிக்கை இப்போக்கை முழுமையாக்கியது. அதில் மருந்து என்பது விளைவால் வரையறுக்கப்படவில்லை. இணைப்புப் பட்டியல்களில் இடம்பெற்ற பொருளே மருந்து. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கோகா இலை, கஞ்சா, அபினி, கசகசாச் செடியின் உலர்தட்டை ஆகியவற்றையும், தயாரிக்கப்பட்ட மருந்துகளையும் எண்ணிச் சொல்லி வரையறுக்கிறது. மரப்பு, உறக்கம், மயக்கம் என்னும் எச்சொல்லும் அவ்வரையறைக்குத் தேவைப்படவில்லை. பட்டியலில் உள்ளது எதுவோ அதுவே ‘நார்க்கோட்டிக்’.

அதே 1961 உடன்படிக்கையின் முகவுரை இரண்டு கருத்துகளை அருகருகே கூறுகிறது. வலியும் துன்பமும் தணிய இம்மருந்துகளின் மருத்துவப் பயன்பாடு இன்றியமையாதது என்பது ஒன்று. இவற்றுக்கு அடிமையாதல் தனிமனிதனுக்குக் கொடிய தீங்கு என்பது மற்றொன்று. ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் தாங்குகிறது, தடுமாறியேனும். தமிழ்ச் சொல் இரண்டாவதை மட்டுமே தாங்குகிறது.

தமிழாக்கம்

பிறமொழிகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பது நோக்கத்தக்கது. அரபியில் ‘முகத்திராத்’ என்பர். மரப்பு எனப் பொருள்படும் ‘கதர்’ என்னும் அடியிலிருந்து அமைந்த சொல் அது. அறுவை மயக்கத்துக்கும் அதே அடியிலிருந்தே சொல் உண்டு. கிரேக்க மூலத்தை அப்படியே காத்த ஆக்கம் இது. இந்தியில் 1985 சட்டத்தின் பெயரில் ‘ஸ்வாபக்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. உறங்கச் செய்வது என்பது அதன் பொருள். மலையாளத்தில் ‘லஹரி’ வழங்குகிறது. இது அலை எனப் பொருள்படும் வடசொல்லோடு தொடர்புடையது. தமிழிலும் ‘லாகிரி வஸ்து’ என ஒரு தலைமுறைக்கு முன்வரை இருந்தது. அரபி முதல் அடுக்கையும், இந்தி இரண்டாம் அடுக்கையும் தேர்ந்தன. மலையாளமும் தமிழும் களிமயக்கத்தைத் தேர்ந்தன.

‘போதை’ என்பதன் இன்றைய பொருளை அதன் உருவக வழக்குகள் நன்கு காட்டும். ‘அதிகாரப் போதை’, ‘புகழ்ப் போதை’, ‘பணப் போதை’ என்கிறோம். நிலைதடுமாற வைக்கும் களிப்பும், விடமுடியாத பற்றும் இவற்றில் உண்டு. மரப்போ வலித்தணிவோ எவற்றிலும் இல்லை. மனைவியை இழந்தவன் அழவும் இயலாமல் நின்றதைப் ‘போதையில் நின்றான்’ என யாரும் சொல்லார். ‘மரத்துப்போய் நின்றான்’ என்பர். வழக்கு இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்க, கலைச்சொல்லாக்கம் அப்பிரிவைக் கலைத்துவிட்டது.

‘மயக்கம்’ என்பதும் முழுத்தீர்வு ஆகாது. தொல்காப்பிய மரபில் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எனக் கலத்தலைக் குறித்த சொல் அது; பின்னர் அறிவு கலங்குதலையும், இக்காலத்தில் நினைவிழத்தலையும் குறிக்கிறது. அறுவைக்குமுன் கொடுப்பது ‘மயக்க மருந்து’ என்பது மக்கள் நாவில் ஊன்றிவிட்ட நல்ல வழக்கு. அதனைக் கலைக்கத் தேவையில்லை. பல் பிடுங்குமுன் போடுவதை ‘மரத்துப்போகும் ஊசி’ என்பர். ஈழத்தமிழர் ‘விறைப்பு ஊசி’ என்பர். இவையும் துல்லியமானவை. எஞ்சுவது அபினி வகை வலித்தணிப்பிகள்.

இவற்றை மருத்துவச் சூழலில் ‘வலுமிகு வலித்தணிப்பி’ என்றோ, வகையைச் சுட்டவேண்டின் ‘அபினிவகை வலித்தணிப்பி’ என்றோ வழங்குவது தகும். இது உண்மையை மறைக்கும் இடக்கரடக்கல் அன்று. அபினி என்னும் சொல்லே அடிமையாதலின் இடரை நினைவூட்டும். அளவும் கண்காணிப்பும் தேவை என்பதை மருத்துவர் தனியே விளக்குவார். மருந்தை அதன் பயனால் சுட்டுவதும், பொருளை அதன் தடையால் சுட்டுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதே இங்கு வேண்டப்படுவது. ஆங்கில மருத்துவ நூல்களே இன்று ‘நார்க்கோட்டிக்’கைத் தவிர்த்து ‘ஓபியாய்டு’ என எழுதுவதைப் பெரிதும் விரும்புகின்றன. நாம் மட்டும் அவர்கள் கைவிட்ட சொல்லின் மொழிபெயர்ப்பைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குற்றவியல் சூழலில் ‘போதைப்பொருள்’ தொடரலாம். அங்கு அது பொருந்துவதோடு, மக்களுக்கு விளங்குவதும் ஆகும். சிக்கல் எழுவது இரு சூழல்களும் சந்திக்கும் சட்டத் தொடர்களில்தான். 1985 சட்டத்தின் கடுமையால் மார்ஃபின் கிடைப்பது அரிதாகி, வலியுற்ற நோயாளிகள் துன்புற்றனர். அதனைக் களையவே 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவத்துக்கு இன்றியமையாத ‘நார்க்கோட்டிக்’ மருந்துகள் எனத் தனி வகுப்பொன்றை உருவாக்கியது. இத்தொடரை ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ எனப் பெயர்த்தால் தமிழில் அது முரண்தொடையாகிறது. போதை எவருக்கு இன்றியமையாதது என்னும் வினா உடனே எழும். ‘மருத்துவ இன்றியமையாமையுடைய கட்டுப்பாட்டு மருந்துகள்’ என்பது நீளமேயாயினும், சட்டத்தின் கருத்தைச் சொல்கிறது. மரப்பும் உறக்கமும் நீங்கிப் பட்டியல் மட்டுமே எஞ்சிய சட்டச் சொல்லுக்குக் ‘கட்டுப்பாடு’ என்பதே நேர்ப்பொருள்.